சுவரொட்டிக்கு ஒரு சொல்

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்று. இருவருமே இதை ஒரு குறையாகக் கருதவில்லை.

சீடரின் பெயர் இருதயராஜ். திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் ஜமீலா. அதே ஊரிலிருந்து சனிக்கிழமைதோறும் வெளிவரும் ஓர் ஆங்கில வார இதழில் திரைப்படப் பக்கத்துக்குப் பொறுப்பாசிரியர். ஓய்வு பெற்ற மறுமாதமே இருதயராஜ் அவரிடம் சென்று, திரைப்பட விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்.

பட்டம் பெற்றவர்கள் எளிதில் சீடராவதில்லை. ஆனவர்கள் எளிதில் விடுவதுமில்லை.

"உங்களுக்கு நான் என்ன சார் சொல்லித் தர்றது?" என்று கேட்டார் ஜமீலா.

"இங்கிலீஷ் வேண்டாம் மேடம். அது என்கிட்ட இருக்கு. படத்தைப் பத்தி எப்படி எழுதறதுன்னு தெரியணும்."

"அப்ப வெள்ளிக்கிழமை மொதல் காட்சிக்குப் போயிட்டு வாங்க."

பாடம் அவ்வளவுதான். இருதயராஜ் வெள்ளிக்கிழமைதோறும் முதல் காட்சிக்குப் போனார். மாலைக்குள் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை அது அச்சில் வந்தது. ஜமீலா ஒரு சொல்லையும் திருத்தவில்லை. ஒரு சொல்லையும் பாராட்டவுமில்லை.

திருத்தப்படாமல் இருப்பது முதல் வாரங்களில் இருதயராஜுக்குப் பெருமையாக இருந்தது. பின்னர் அது உறுத்தத் தொடங்கியது.

அவர் எழுதிய ஆங்கிலம் அழகானது. ஒரு படத்தை நல்ல படம் என்று சொல்லிவிட்டு நகர்வது அவருக்கு அற்பமாகத் தோன்றும். நெஞ்சைத் தைப்பது என்றால் 'பாய்னன்ட்'. ஒளி ததும்புவது என்றால் 'லூமினஸ்'. பார்த்து முடித்த பின்னும் விட்டகலாமல் தொடர்வது என்றால் 'ஹான்டிங்'. இத்தகைய அடைமொழிகளை அவர் நகை ஆசாரி கல் பதிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பதித்தார். திரையரங்கின் இருளில் அமர்ந்திருக்கும்போதே அவை வரத் தொடங்கிவிடும். ஒன்றை எடுப்பார். கீழே வைப்பார். மற்றொன்றை எடுப்பார்.

ஒரு சனிக்கிழமை, அச்சில் வந்த தம் விமர்சனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"ஒவ்வொரு படத்துக்கும் மிகச் சரியான சொல்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்?"

ஜமீலா அடுத்த வாரத்துப் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அன்று பதில் கிடைக்கவில்லை. பதில் திங்கட்கிழமையன்று தானாகவே அலுவலக மாடிப்படி ஏறி வந்தது.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை அணிந்திருந்தார். கையில் ஒரு சுருட்டிய தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார்.

"இது ஆபீஸ்தான், கோயில் இல்ல. உள்ள வாங்க" என்றார் ஜமீலா.

"வணக்கம் மேடம். என் பேர் பவுன்ராஜ். 'கேட் அறுபத்துமூன்று' படத்தோட டைரக்டர்."

அந்தப் படத்துக்குத்தான் சனிக்கிழமை விமர்சனம் வெளியாகியிருந்தது. கணவன் இறந்தபின் கருணை அடிப்படையில் அவனுடைய வேலையையே பெற்று, அதே ரயில்வே கேட்டைக் காக்க வரும் ஒரு பெண்ணின் கதை. பவுன்ராஜின் முதல் படம். தெரிந்த முகம் ஒன்றும் அதில் இல்லை. இருதயராஜ் அதை வானளாவப் புகழ்ந்திருந்தார்.

"எழுதினவர் இவர்தான். புரொபசர் இருதயராஜ்."

பவுன்ராஜ் கைகூப்பினார். "நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் சார் வந்தேன். என்னைப் பத்தி இங்கிலீஷ்ல இவ்வளவு நல்லா யாரும் எழுதினதில்ல. தமிழ்லயும் எழுதினதில்ல."

இருதயராஜின் முகம் மலர்ந்தது. "உக்காருங்க தம்பி. படம் எப்படிப் போகுது?"

"வியாழக்கிழமையோட எடுக்குறாங்க சார்."

"எங்க?"

"இங்க, மங்கள விலாஸ்ல. காலைக் காட்சி மட்டும்தான் குடுத்திருந்தாங்க. மத்த ஊர்ல எல்லாம் ஏற்கெனவே எடுத்தாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

"நான் எழுதினதுக்கு அப்புறமுமா எடுக்கறாங்க?"

"நீங்க எழுதினதுக்கு அப்புறம் நாலு பேர் கூடுதலா வந்தாங்க. மூணு பேர் இடைவேளையில போயிட்டாங்க."

அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. ஊரில் மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

"இணையத்துக்குப் படம் வாங்குறவங்க இருக்காங்களே?" என்றார் ஜமீலா.

"அவங்களும் தியேட்டர்ல எத்தனை வாரம் ஓடுச்சுன்னுதான் மேடம் மொதல்ல கேக்குறாங்க. ஒரு வாரம்னு சொன்னா போனை வச்சுடறாங்க. ரெண்டாவது வாரம்னு ஒண்ணு இருந்தாத்தான் பேச்சே."

பிறகு பவுன்ராஜ் இருதயராஜின் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காம இருந்தா ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளுங்க."

"படம் பாத்தீங்களா?"

இருதயராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்லூரியில் அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

"ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன். இடைவேளைக்குக்கூட எந்திரிக்கல. பாக்காம எழுதறவன் நான் இல்ல தம்பி."

"அப்ப சரி சார்" என்றார் பவுன்ராஜ். சரி என்று நினைத்தவர் முகமாக அது இல்லை.

ஜமீலா எழுந்து சென்று, அலமாரியிலிருந்து பழைய இதழ்கள் மூன்றை எடுத்து வந்தார்.

"சார், நீங்க எழுதின மூணு விமர்சனத்துலேர்ந்து ஒவ்வொரு பத்தி வாசிக்கிறேன். பேரை மட்டும் விட்டுடறேன். எது எந்தப் படம்னு சொல்லுங்க."

இருதயராஜ் சிரித்தார். "பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாதா மேடம்?"

ஜமீலா முதல் பத்தியை வாசித்தார். அடர்த்தியான, அஞ்சாத, மூச்சடைக்க வைக்கும் ஒரு படைப்பு என்று அது தொடங்கியது. நடிப்பு வியக்கத்தக்கது, ஒளிப்பதிவு கவித்துவமானது, முடிவு மறக்கவொண்ணாதது என்று முடிந்தது.

"அந்தக் குத்துச்சண்டைப் படம்."

"பேய்ப் படம் சார்."

"ஆமாம், பேய்ப் படத்துக்கும் அது பொருந்தும்" என்றார் இருதயராஜ்.

இரண்டாவது பத்தியை வாசித்தார். அதில் 'குதூகலமான' என்றொரு சொல் வந்தது.

"கல்யாண வீட்டுப் படம்."

"சரி."

இருதயராஜ் ஆசுவாசமடைந்தார். ஜமீலா மூன்றாவது பத்தியை வாசித்தார். துணிவான, நுண்மையான, ஆன்மாவை உலுக்கும் ஒரு பயணம் என்று தொடங்கியது. ஒவ்வொரு சட்டகமும் செறிவானது என்றது. நாயகியின் நடிப்பு அசாத்தியமானது என்றது. சமரசமற்ற, முதிர்ந்த, அபூர்வமான கலை என்று முடிந்தது. வாசிப்பில் ஓர் இடத்திலும் அவர் தடுக்கி நிற்கவில்லை. தடுக்கி விழ அதில் மேடுபள்ளம் ஏதும் இல்லை.

இருதயராஜ் கண்களை மூடிக் கேட்டார். திறந்தபோது உறுதியாக இருந்தார்.

"அப்பா காணாமப் போயி மகள் தேடிப் போவாளே, அந்தப் படம். பயணம்னு வருது பாருங்க. இதுல சந்தேகமே இல்ல."

பவுன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் படம் சார்" என்றார்.

கையில் இருந்த சுருட்டிய தாளைப் பவுன்ராஜ் மேசைமேல் விரித்தார். திரையரங்கு ஒட்டிய சுவரொட்டி. படத்தின் பெயர் சிறிதாக இருந்தது. அதன்மேல் 'ஹான்டிங், லூமினஸ், பாய்னன்ட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் பெரிதாக இருந்தன. அவற்றின் கீழே இருதயராஜின் பெயர்.

"உங்களுக்குக் குடுக்கலாம்னு கொண்டுவந்தேன்."

இருதயராஜ் அதைத் தொடவில்லை.

"படத்துல ஒரு இடம் இருக்கு சார்" என்றார் பவுன்ராஜ். "புருஷனைத் தூக்கிட்டுப் போன பிறகு அவங்க வீட்டுல உக்காந்திருப்பாங்க. அப்ப ஒரு வண்டிச் சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவங்க என்ன செஞ்சாங்க?"

"அழுதாங்க."

"அழல சார்."

இருதயராஜின் குறைகளில் பொய் ஒன்றாக இருந்ததில்லை.

"அந்த நேரம் நான் ரெண்டு வார்த்தைக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன் தம்பி. பாய்னன்ட்டா, எலிஜியக்கா. எலிஜியக்னா இரங்கற்பா மாதிரின்னு அர்த்தம். கண்ணு திரையிலதான் இருந்துச்சு. நான் அங்க இல்ல."

"கடைசியில எதை எடுத்தீங்க?"

"பாய்னன்ட்."

"அது நல்ல வார்த்தைங்களா சார்?"

"நல்ல வார்த்தைதான்."

பவுன்ராஜ் தலையசைத்தார். பிறகு ஜமீலாவைப் பார்த்தார். "நீங்க வாசிச்சுப் பாத்துத்தானே மேடம் போட்டீங்க?"

"இங்கிலீஷ்ல தப்பு இல்ல. அதனால போட்டேன்" என்றார் ஜமீலா. "போட்டது என் குத்தம். அதை நான் வச்சுக்கறேன்."

"இன்னொரு தடவை எழுத முடியுமா?"

"இதழ் சனிக்கிழமை வருது. உங்க படம் வியாழக்கிழமையோட போயிடும்."

பவுன்ராஜுக்கு அது தெரிந்தே இருந்தது. கேட்காமல் போய்விட்டோமே என்று பிறகு தோன்றக்கூடாது என்பதற்காகக் கேட்டிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். சுவரொட்டி மேசைமேல் கிடந்தது.

இருதயராஜ் கேட்டார். "நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"நாளைக்குக் காலைக் காட்சி இருக்கு."

"பாத்துட்டு வந்து எழுதறதா?"

"பாத்துட்டு வாங்க."

"எழுத வேண்டாமா?"

"பேனாவை இங்க வச்சுட்டுப் போங்க சார்."

"நான் தியேட்டர்ல பேனா எடுக்கறதே இல்லையே. மனசுலதான் எழுதுவேன்."

"அதையும் வச்சுட்டுப் போங்க."

மறுநாள் காலை இருதயராஜ் மங்கள விலாஸ் திரையரங்குக்குப் போனார். இருக்கைகளில் பெரும்பாலானவை காலி. வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் பின்வரிசையில் உறங்கினார்கள். விளக்கணைந்ததும் பழக்கம் அவரை விடவில்லை. முதல் காட்சியிலேயே ஒரு சொல் வந்தது. நல்ல சொல். அவர் அதை எடுக்கவில்லை. அடுத்த காட்சியில் அதைவிட நல்ல சொல் வந்து முழங்கைக்கு அருகே நின்றது. நிற்கட்டும் என்று விட்டார். சோறு போடாத வீட்டு வாசலில் காக்கை எவ்வளவு நேரம் நிற்கும்? சிறிது நேரத்தில் வரத்து குறைந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சொற்கள் இல்லாமல் படம் பார்ப்பது அவருக்கு அச்சமாக இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் நிற்பதுபோல் இருந்தது.

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக இதழ் அலுவலகத்துக்கு வந்தார்.

அங்கே ஜமீலாவின் எதிரே மங்கள விலாஸின் மேலாளர் தியாகேசன் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் அடுத்த வார விளம்பரத்தோடு வருபவர். கனத்த உடம்பு, உரத்த குரல். வெள்ளிக்கிழமை வரப்போகும் பெரிய நடிகரின் படத்துக்கு முழுப்பக்க விளம்பரம் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க புரொபசர். உங்க புண்ணியத்துல போன வாரம் மூணு இங்கிலீஷ் வார்த்தை போட்டு போஸ்டர் அடிச்சோம். அதுல ரெண்டு வார்த்தை, எதிர்த் தியேட்டர் போஸ்டர்லயும் இருந்துச்சு. ஜனங்க ரெண்டையும் படிச்சுட்டு பிரியாணி சாப்பிடப் போயிட்டாங்க."

ஜமீலா இருதயராஜை உட்காரச் சொன்னார்.

"என்ன சார் பாத்தீங்க?"

"மேடம், அது ஒரு மகத்தான..."

"அது நீங்க இங்கேர்ந்து கொண்டுபோனது. அங்க என்ன இருந்துச்சு?"

இருதயராஜ் வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது அடைமொழி ஏதும் வரவில்லை.

"ஒரு பொம்பளை. மொத நாள் வேலைக்கு வர்றா. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறை. புருஷனோட சட்டை ஆணியில தொங்குது. அவ அதை எடுக்கல. அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஆணியில தன் பையை மாட்டுறா."

"அப்புறம்?"

"ஸ்டேஷன்லேர்ந்து போன் வருது. வண்டி வருது, கேட்டை மூடுன்னு சொல்றதுக்கு. எடுக்குறா. அந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர், பழக்கத்துல புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடறாரு. 'என்னப்பா நடேசா'ன்னு. சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வருது. ரெண்டு பேரும் பேசல. லைன்ல காத்துச் சத்தம் மட்டும்."

"அவ என்ன சொன்னா?"

"கேட் நம்பரை மட்டும் சொன்னா. பேரைச் சொல்லல. வண்டி நம்பரைக் கேட்டா. அவரு சொன்னாரு. அவ திருப்பிச் சொன்னா. போய் கேட்டை மூடினா."

தியாகேசன் விளம்பரத் தாளை மேசையில் நேராக வைத்துக்கொண்டிருந்தார். நேராக வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"வீட்டுக் காட்சிக்கு வாங்க" என்றார் ஜமீலா. "அவ எங்க உக்காந்திருக்கா?"

"நடுவீட்டுல, தூணுல சாய்ஞ்சு. சுத்தி பொம்பளைங்க. புருஷனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க ஊர்ல பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும். சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவர் மூடித் திறந்த அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போகணும்."

"என்ன சத்தம் கேக்குது?"

"ஒப்பாரி. அதுக்கு மேல பறை. பறைச் சத்தம் போகப் போகக் கொறையுது. ஊர்வலம் தூரமாப் போகுதுன்னு நமக்குத் தெரியுது. அப்புறம் திடீர்னு பறை நின்னுடுது. பொம்பளைங்க யாரும் அதைக் கவனிக்கல. அவ மட்டும் தலையைத் தூக்குறா."

"ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார் தியாகேசன்.

அவர் கேட்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்று தோன்றியது.

"வண்டி வருது" என்றார் இருதயராஜ். "ஹார்ன் கேக்குது. கேட்டை மூடிட்டாங்க. பாடையைத் தூக்கினவங்க கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க. அதைப் படத்துல காட்டல. அவ முகத்தை மட்டும்தான் காட்டுறாங்க. நமக்குச் சத்தம்தான்."

"ம்."

"கூட்ஸ் வண்டி. போய்க்கிட்டே இருக்கு. பக்கத்துல ஒரு அம்மா தண்ணி குடுக்குறா. இவ கையைத் தள்ளிவிடறா. அழறவங்களைப் பாத்து, அழாதீங்கன்னு கையைக் காட்டுறா. அவங்களுக்குப் புரியல. ஆனா ஒவ்வொருத்தியா நிறுத்துறாங்க. வீடு மொத்தமும் சத்தம் இல்லாமப் போகுது. பெட்டி பெட்டியா வண்டி போற சத்தம் மட்டும்தான். அவ கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கா."

"எதுக்கு அழவேண்டாங்கறா?" என்றார் தியாகேசன். உரத்த குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"அந்த வண்டி போற வரைக்கும் அவர் இந்தப் பக்கம்தான் இருக்காரு."

இருதயராஜ் தொடர்ந்தார்.

"அப்புறம் வண்டி போயிடுது. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. பறை மறுபடி..."

"போதும் சார்" என்றார் ஜமீலா.

தியாகேசன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வியர்வை இல்லை.

"இது எந்த ஊர்ல ஓடுது?"

"உங்க தியேட்டர்ல" என்றார் ஜமீலா. "காலைக் காட்சி."

தியாகேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி செய்கிறார்களோ என்று முதலில் ஐயுற்றார். இல்லை என்று தெரிந்ததும் அவர் பார்வை தாழ்ந்தது.

"நம்ம தியேட்டர்லயா? அந்த கேட் படமா?" என்றார். "நான் பாக்கல மேடம். நான் கூட்டத்தைத்தான் பாத்தேன்."

"கூட்டம் இருந்துச்சா?"

"இல்ல. அதனாலதான் வியாழக்கிழமையோட போதும்னு சொல்லிட்டேன்."

"சொன்னதை மாத்தலாமே."

"எப்படி மாத்துறது? வெள்ளிக்கிழமைலேர்ந்து நாலு காட்சியும் பெரிய படத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஒரு காட்சியில கை வச்சாலும் விநியோகஸ்தர் என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாரு."

"அஞ்சாவது காட்சின்னு ஒண்ணு கெடையாதா?"

தியாகேசன் யோசித்தார். வியாபாரி யோசிக்கும்போது பார்வை கூரைக்குப் போகும். அவருடைய பார்வை மேசைமேல் முந்தைய நாள் முதல் கிடந்த சுவரொட்டியில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பெரிய படத்தோட மொதல் ஆட்டத்துக்கு முன்னாடி தியேட்டர் சும்மாதான் கெடக்கும். ஆபரேட்டரைச் சீக்கிரம் வரச்சொல்லணும். அவன் முணுமுணுப்பான்." நிறுத்தினார். "ஒன்பதரைக்கு ஒரு காட்சி போடறேன். ஆள் வந்தா அடுத்த ஞாயிறும் போடலாம். வரலைன்னா என்னைக் கொலைகாரன் மாதிரி பாக்கக்கூடாது."

"பாக்கமாட்டோம்" என்றார் ஜமீலா. "சனிக்கிழமை இதழ்ல சார் எழுதுவாரு."

"ஒரு படத்துக்கு ரெண்டு தடவை எழுதற வழக்கம் நம்மகிட்ட இல்லையே மேடம்" என்றார் இருதயராஜ்.

"இல்ல. போன வாரம் எழுதினதை நான் கணக்குல சேக்கல."

இருதயராஜ் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு ஜமீலாவின் மேசையிலிருந்த தொலைபேசியைத் தம் பக்கம் இழுத்து, பவுன்ராஜை அழைத்தார். மறுமுனையில் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது. தம் ஊரான மணப்பாறைக்கு வண்டி ஏற நின்றிருந்தார் போலும்.

"தம்பி, இருதயராஜ் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"தலையைத் தூக்கினாங்க. சுத்தி இருந்தவங்களை அழவேண்டாம்னாங்க."

மறுமுனையில் நடத்துனர் ஒருவர் ஊர்ப்பெயர்களைக் கூவினார். ஒரு பேருந்து புறப்பட்டுப் போனது.

"ஆமா சார்" என்றார் பவுன்ராஜ்.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சியைப் பற்றி இருதயராஜ் அவருக்குச் சொன்னார். ஒரே ஒரு காட்சிதான், ஆள் வந்தால்தான் அடுத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பவுன்ராஜ் நன்றி சொல்லவில்லை. இரண்டாவது வாரம் என்ற சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தொலைபேசியை வைத்தார்.

தியாகேசன் எழுந்தார். நின்றபடியே தம் தொழிலுக்குத் திரும்பினார்.

"அப்ப புது போஸ்டர் அடிக்கணும். பழசு ஆகாது. ராத்திரியே அச்சுக்குக் குடுத்தாத்தான் வெள்ளிக்கிழமை ஒட்டமுடியும். புரொபசர், இந்தத் தடவை மூணெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை குடுங்க. தெருமுனையிலேர்ந்து பாத்தாலும் தெரியற மாதிரி பெருசா போட்டுடறேன்."

இருதயராஜிடம் அந்தச் சொல் இருந்தது. திரையரங்கை விட்டு வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது, தேடாமலே அது வந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கற்பித்த மொழியில் அதைவிடப் பொருத்தமான சொல் அந்தப் படத்துக்கு வேறு இல்லை என்று அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

அவர் குருவைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு மேடம். சரியான சொல். சொல்லட்டுமா?"

ஜமீலா தியாகேசனிடம் சொன்னார்.

"'ஞாயித்துக்கிழமை காலை ஒன்பதரை'ன்னு போடுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும்."